எடை குறைந்தால் நல்லதுதானே? பருமனான பிள்ளைகளும் உணவுக் கோளாறும்

கேள்வி: ஜனவரி 6, காலை

மகனுக்கு 14 வயது. உடம்பு கொஞ்சம் அதிகம். மூன்று மாதமாக ராத்திரிச் சாப்பாட்டை அவனாகவே நிறுத்திவிட்டான், நானும் தடுக்கவில்லை. எடை நன்றாக இறங்கியிருக்கிறது. பார்ப்பவர்கள் எல்லாம் "எப்படிக் குறைத்தாய்" என்று விசாரிக்கிறார்கள். என் தங்கை மட்டும் "இது உணவுக் கோளாறில் போய் முடியும், ஜாக்கிரதை" என்கிறாள். அது எலும்பும் தோலுமாக இருக்கும் பெண்பிள்ளைகளுக்கு வருவதுதானே? குண்டாக இருப்பவனுக்கு எப்படி வரும்?

ஜனவரி 6, மதியம்

வரும். எனக்கு வந்தது.

15 வயதில் வகுப்பிலேயே பருமனான பெண் நான்தான். ஒரு விடுமுறையில் சாப்பாட்டைப் பாதியாக்கினேன். அப்புறம் பாதியில் பாதி. பள்ளி திறந்தபோது ஆளே மாறியிருந்தேன். அதுவரை என் பெயர்கூடத் தெரியாதவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஆசிரியை ஒருவர் வகுப்பு முன்னால் நிறுத்தி, "மனக்கட்டுப்பாடு என்றால் இவளைப் பாருங்கள்" என்றார். ஐந்து மாதமாக மாதவிடாய் வரவில்லை, தலை வாரினால் சீப்பு நிறைய முடி, வெயிலிலும் கை சில்லென்று இருக்கும். இதில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் அப்போதும் நான் ஒல்லி இல்லை. பார்ப்பதற்கு "இப்போதுதான் சரியாக" இருந்தேன்.

ஒல்லியான பெண் அதே வேகத்தில் இளைத்திருந்தால் மறுநாளே மருத்துவமனைக்கு ஓடியிருப்பார்கள். எனக்குக் கைதட்டினார்கள்.

இதற்கு மருத்துவத்தில் பெயரே இருக்கிறது. அனோரெக்சியா என்பது எடை ஏறிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கி உடம்பை உருக்கும் நோய். மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-5, 2013-இல் வந்தபோது, அதில் 'ஏடிப்பிக்கல் அனோரெக்சியா' (வழக்கத்துக்கு மாறான அனோரெக்சியா) என்று சேர்த்தார்கள். அனோரெக்சியாவின் அடையாளங்கள் எல்லாம் இருக்கும், நிறைய எடையும் இழந்திருப்பார்கள், ஆனால் எடை மட்டும் சராசரியிலோ அதற்கு மேலேயோ நிற்கும். நாடித்துடிப்பு குறைவது, எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சரிவது, மாதவிடாய் நிற்பது எல்லாம் இவர்களுக்கும் வரும். இப்போது எவ்வளவு எடை என்பதைவிட எவ்வளவு இழந்தார்கள், எத்தனை வேகமாக இழந்தார்கள் என்பதுதான் கணக்கு.

ஜனவரி 6, இரவு

என் கதையைச் சொல்லி உங்கள் கேள்வியை விட்டுவிட்டேன். உங்கள் மகனுக்கு நோய் என்று இங்கிருந்து யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. சிலவற்றை மட்டும் கவனியுங்கள். ராத்திரிச் சாப்பாட்டோடு நிற்கிறதா, காலையும் கழன்றுகொண்டே போகிறதா? உங்கள் முன்னால் சாப்பிடுகிறானா, "நண்பன் வீட்டில் சாப்பிட்டேன்" என்கிறானா? வாந்தி எடுக்கும் சத்தம் வெளியே கேட்காதபடி, சாப்பிட்ட கையோடு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விடுகிறானா? எடை அரைக் கிலோ ஏறினால் அன்று முழுக்க முகம் தொங்குகிறதா? ஒருநாள் உடற்பயிற்சி தவறினால் தவிக்கிறானா?

இவற்றில் இரண்டு இருந்தாலே குழந்தை மருத்துவரிடம் போங்கள். "மூன்று மாதத்தில் இவ்வளவு குறைந்திருக்கிறது" என்பதையே புகாராகச் சொல்லுங்கள், பெருமையாகச் சொல்லாதீர்கள். பெருமையாகச் சொன்னால் அவரும் பாராட்டி அனுப்பிவிட வாய்ப்பு இருக்கிறது. எனக்கு அப்படித்தான் நடந்தது.

ஜனவரி 8

"டயட்தான் இருக்கிறான், பட்டினி இல்லை" என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். வளரும் பிள்ளைக்கு இரண்டுக்கும் நடுவில் சுவர் இல்லை, கோடுதான் இருக்கிறது, அதையும் அவனேதான் போட்டுக்கொள்கிறான்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 14, 15 வயதுப் பிள்ளைகளை மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்து 1999-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடுமையாக டயட் இருந்த பெண்பிள்ளைகளுக்கு, டயட்டே இருக்காதவர்களைவிட 18 மடங்கு உணவுக் கோளாறு வந்தது. கடுமையாக எல்லாம் இல்லை, மிதமாகத்தான் என்றவர்களுக்கும் 5 மடங்கு. நான் அந்த 'மிதம்' வழியாகத்தான் உள்ளே போனேன். வாசல் அங்கேதான்.

சரி, எடையாவது குறைகிறதா? அமெரிக்காவில் 9 முதல் 14 வயது வரை ஏறத்தாழ 15,000 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2003-இல் வந்தது. அடிக்கடி டயட் இருந்தவர்கள், இருக்காதவர்களைவிடக் கூடுதலாகத்தான் எடை ஏறியிருந்தார்கள். இடையிடையே கட்டுமீறித் தின்பதும் அவர்களிடம் அதிகம்.

காரணம் எனக்குப் புத்தகம் படிக்காமலே தெரியும். நாள் முழுக்க வாயைக் கட்டினால், ராத்திரி பதினொரு மணிக்கு வயிறு வட்டியோடு வசூலிக்க வரும். சமையலறையில் விளக்குப் போடாமல் நின்றபடி, எது கைக்கு வந்ததோ அது. ருசி தெரியாது. வயிறு வலிக்கும் வரை நிறுத்தவும் முடியாது. மறுநாள் காலை வெட்கம், அதனால் மறுபடி பட்டினி. இந்தச் சக்கரம் எனக்கு நான்கு வருஷம் சுற்றியது.

இது மனபலம் இல்லாதவர்களின் கதை என்று நினைக்க வேண்டாம். 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், உடலும் மனமும் நன்றாக இருந்த 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். கால்வாசி எடை போனது. அது மட்டும் இல்லை. நாளெல்லாம் சாப்பாட்டைப் பற்றியே பேச்சு, சாப்பாட்டைப் பற்றியே கனவு. சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். எரிச்சல், சோர்வு. திரும்ப உணவு கொடுத்த பிறகு சிலர் எவ்வளவு தின்றும் நிறைந்ததாகத் தோன்றவில்லை என்றார்கள். பட்டினிக்கு முன்னால் அவர்கள் யாருக்கும் உணவுக் கோளாறு இல்லை.

வேடிக்கை என்னவென்றால், உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்குக்கு 1972-இல் 'பி.எம்.ஐ.' என்று பெயர் வைத்துப் பரப்பியதும் இதே கீஸ்தான். என்னை இந்தக் குழிக்குள் தள்ளியதும் அவர் வைத்த பெயர்தான், குழியை எனக்கு விளக்கியதும் அவர்தான்.

ஜனவரி 9

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். படிப்பவருக்கு 'டயட் இருந்தால் எடை கூடும்' என்று கோடு போட்டதுபோல ஆகிவிட்டது. எடை ஏறும் உடல்வாகு உள்ள பிள்ளைகள்தான் டயட்டில் இறங்குவார்கள் என்பதும் உண்மை. ஆய்வு செய்தவர்கள் அதைக் கணக்கில் எடுத்துத்தான் சொல்கிறார்கள், ஆனாலும் இரண்டையும் முழுக்கப் பிரிக்க முடியாது. தானாக டயட் இருப்பதால் பிள்ளை இளைத்தே தீரும் என்பதற்கு ஆதாரம் இல்லை, கேடு வருவதற்கு ஆதாரம் இருக்கிறது. இவ்வளவுதான் சொல்லலாம்.

ஜனவரி 12

வீட்டில் என்ன செய்யலாம் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். முதலில் வாயை மூடலாம்.

கிண்டல் இல்லை, நிஜமாகத்தான். 2016-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. பருமன், உணவுக் கோளாறு இரண்டையும் ஒருசேரத் தடுப்பது எப்படி என்று. அதுவரை ஒரு கூட்டம் "குறை, குறை" என்றது, இன்னொரு கூட்டம் "உடம்பைப் பற்றிப் பேசாதே" என்றது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்று அதில் ஐந்து விஷயங்களைச் சொன்னார்கள். டயட் இருப்பது, எடையைப் பற்றிய பேச்சு, எடையை வைத்துக் கேலி, குடும்பமாகச் சேர்ந்து சாப்பிடுவது, தன் உடம்பை ஒரு பிள்ளை எப்படிப் பார்க்கிறது என்பது. ஐந்தில் இரண்டு பேச்சு சம்பந்தப்பட்டவை, கவனியுங்கள்.

"நல்லதுக்குத்தானே சொல்கிறோம்" என்பீர்கள். என் அம்மாவும் நல்லதுக்குத்தான் சொன்னார். "இந்த முகத்துக்கு உடம்பு மட்டும் கொஞ்சம் இறங்கினால் போதும்" என்று. முகத்தைப் பாராட்டியதாக அவர் நினைப்பு. எனக்குக் காதில் விழுந்தது பின்பாதி மட்டும். இன்றைக்கும் கண்ணாடி முன்னால் நின்றால் அந்தப் பின்பாதிதான் கேட்கிறது.

2013-இல் வந்த ஓர் ஆய்வில் இரண்டு வகைப் பேச்சைப் பிரித்துப் பார்த்தார்கள். பெற்றோர் எடையைப் பற்றிப் பேசும் வீடுகளில் பிள்ளைகளிடம் டயட்டும் ஆபத்தான எடைக்குறைப்பு வழிகளும் அதிகம். எடையை இழுக்காமல் ஆரோக்கியமான சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசும் வீடுகளில், பருமனான பிள்ளைகளிடமும் அது குறைவு. "இதைத் தின்றால் குண்டாவாய்" என்பதும் "இதைச் சாப்பிட்டால் விளையாடும்போது மூச்சு வாங்காது" என்பதும் ஒரே தட்டைப் பற்றிய பேச்சுதான், ஆனால் பிள்ளைக்குள் போய் உட்காரும் இடம் வேறு.

இவ்வளவு தெரிந்த நான் போன வருஷம் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது பழைய சட்டை ஏறவில்லை. "ஐயோ, பார், எப்படிப் பெருத்திருக்கிறேன், அசிங்கம்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். வாசலில் என் மகன் நின்றிருந்தான். 13 வயது, என் உடல்வாகு அப்படியே. எதுவும் சொல்லவில்லை. தன் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். அவ்வளவுதான். அவனை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று அதுவரை பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 13

எடை மெஷினைப் பரணில் ஏற்றிவிட்டேன். கணவர் குளியலறையில் தேடிக்கொண்டிருக்கிறார். நான் பேசவில்லை.

ஜனவரி 17

ஒருவர் கோபமாகவே எழுதியிருக்கிறார். "அப்படியானால் பிள்ளை குண்டாகவே கிடக்கட்டும், சர்க்கரை வியாதி வரட்டும், பேசாமல் இருங்கள் என்கிறீர்களா?"

நியாயமான கோபம். இல்லை, அப்படிச் சொல்லவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், சில வருஷம் முன்புவரை நான் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். எடைக்குச் சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "எல்லாம் ஒன்றுதான், எல்லாம் கோளாறில்தான் முடியும்" என்று ஒரு தோழியிடம் சண்டையே போட்டிருக்கிறேன். என் எண்ணத்தை மாற்றியது 2019-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் கூடவே இருந்து, மாதக்கணக்கில் தொடர்ந்து நடத்திய பருமன் சிகிச்சையில் உணவுக் கோளாறின் ஆபத்து ஏறவில்லை, இறங்கியிருந்தது. அங்கே சாப்பாட்டுக்கு ஓர் ஒழுங்கு கிடைக்கிறது, மனம் எப்படி இருக்கிறது என்று கேட்க ஆள் இருக்கிறார், பிள்ளை தனியாகக் கிடந்து திண்டாடுவதில்லை.

ஆக, எடையைக் கவனிப்பது எமன் இல்லை. 14 வயதுப் பிள்ளை செல்போனில் பார்த்ததை வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, தானாகச் செய்வதுதான் எமன். அதற்கு நாம் கைதட்டுவது அதைவிட மோசம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2023 ஜனவரியில் விட்ட புதிய வழிகாட்டுதலில், குடும்பத்தோடு சேர்த்து நேருக்கு நேராகக் குறைந்தது 26 மணி நேரம், 3 முதல் 12 மாதம் வரை பரப்பி, இப்படிச் சிகிச்சை தர வேண்டும் என்கிறார்கள். 12 வயது முதல் மருந்தும் உண்டு என்று சேர்த்ததால் உணவுக் கோளாறு மருத்துவர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். அந்தச் சண்டையில் எனக்கு முழுக் கட்சி கிடையாது. 26 மணி நேரம் என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். ஒரு தாளில் "இனிப்பைக் குறை, நட" என்று எழுதிக் கொடுத்து ஐந்து நிமிடத்தில் அனுப்புவது சிகிச்சை இல்லை.

இன்னொன்று. வளரும் பிள்ளை பலருக்கு எடை குறையவே வேண்டியதில்லை. எடை அப்படியே நின்று உயரம் கூடினால் போதும், விகிதம் தானாகச் சரியாகும். பூப்பெய்தும் காலத்தில் எடை ஏறுவதே இயற்கை, பெண்பிள்ளைக்கு இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேருவதும் அதில் சேர்ந்ததுதான். நமக்குத்தான் பொறுமை இல்லை.

ஜனவரி 18

தட்டைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. இது நீளும்.

எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் இரண்டு சட்டம். அண்ணன் ஒல்லி, அவனுக்கு "இன்னும் கொஞ்சம் வை". எனக்கு "போதும்". அதே பாத்திரம், அதே கரண்டி. பிஸ்கட் டப்பாவை அம்மா அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். அண்ணனுக்கு அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது, அவனுக்குத் தேவையும் இல்லை. எனக்கு அது எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று நிமிடக்கணக்காகத் தெரியும். பூட்டு என்னைத் திருடியாக்கியது. பசி அதற்கு அப்புறம்தான்.

லியன் பர்ச் என்ற ஆராய்ச்சியாளர் குழுவினர் 1990-களில் சின்னக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனைகளில் இதைத்தான் கண்டார்கள். கண் முன்னால் ஒரு தின்பண்டத்தை வைத்து "இப்போது கூடாது" என்று தடுத்தால், குழந்தை அதைப் பற்றியே பேசுகிறது, அதையே கேட்கிறது, கிடைத்ததும் கூடுதலாகத் தின்கிறது.

அதனால் வீட்டில் இரண்டு சட்டம் கூடாது. வாங்க வேண்டாம் என்று முடிவு செய்தால் யாருக்கும் வாங்காதீர்கள். வாங்கினால் எல்லோருக்கும் உண்டு. எலன் சாட்டர் என்ற உணவியலாளர் பிரித்துச் சொன்ன பங்கீடு எனக்கு உதவியது. என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் பொறுப்பு. கேட்க எளிது. பருமனான பிள்ளை இரண்டாம் முறை பரிமாறிக்கொள்ளும்போது முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அது தவம். ஆரம்பத்தில் நான் மேசைக்கு அடியில் கையைக் கிள்ளிக்கொள்வேன்.

நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். மூன்று வேளை, நடுவில் இரண்டு சிற்றுண்டி, எதையும் தவறவிடாமல். கட்டுமீறித் தின்னும் நோய்க்கு நடத்தைச் சிகிச்சை கொடுப்பவர்களும் முதல் வாரத்தில் இதைத்தான் சரிசெய்கிறார்கள், விழித்திருக்கும் நேரத்தில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாதே என்று. குறைவாகத் தின்னச் சொல்வதில்லை, ஒழுங்காகத் தின்னச் சொல்கிறார்கள். காலைச் சாப்பாட்டை விட்ட பிள்ளை மாலையில் பிரிட்ஜைத் திறப்பதற்குப் பெயர் பேராசை இல்லை.

ஜனவரி 19

சேர்ந்து சாப்பிடுவது பற்றி ஒரு வரி விட்டுப்போனது. மின்னசோட்டாவில் 1998-99-இல் தொடங்கி ஏறத்தாழ 4,700 பிள்ளைகளைப் பல ஆண்டு பின்தொடர்ந்த 'ப்ராஜெக்ட் ஈட்' என்ற ஆய்வில், அடிக்கடி குடும்பத்தோடு சாப்பிட்ட பெண்பிள்ளைகளிடம் ஐந்து வருஷம் கழித்து வாந்தி, மாத்திரை போன்ற ஆபத்தான வழிகள் குறைவு. ஆண்பிள்ளைகளிடம் அந்தப் பலன் தெரியவில்லை. எனக்கு மகன்தான், ஆனாலும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். பாடம் பற்றியும் எடை பற்றியும் மேசையில் பேசக் கூடாது என்று விதி. அதனால் முதல் வாரம் பேச விஷயமே இல்லாமல் மூவரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜனவரி 24

'பெண்பிள்ளைகளுக்கு வருவதுதானே' என்ற முதல் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று ஒருவர் நினைவூட்டினார், நன்றி.

பையன்களுக்கும் வருகிறது, ஆனால் வேறு பெயரில் வருகிறது. 'கட்டிங்' (கொழுப்பைக் கரைக்கச் சாப்பாட்டைக் குறைப்பது), 'சீட் டே' (ஒருநாள் மட்டும் இஷ்டப்படி தின்பது), புரதப் பொடி, வயிற்றில் ஆறு கட்டு. பையன் ஆறு நாள் வாயைக் கட்டி ஏழாம் நாள் மூச்சு முட்டத் தின்றால் அதை ஜிம் கணக்கில் எழுதிவிடுகிறோம். அதே வேலையைப் பெண் செய்தால் கேள்வி கேட்போம். மாதவிடாய் நிற்பது என்ற எச்சரிக்கை மணியும் அவனுக்கு இல்லை. பருமனான பையன், அதுவும் இளைத்துக்கொண்டு வருபவன், இரண்டு மடங்கு மறைவில் இருக்கிறான்.

குளத்துக்குப் போனால் சட்டையைக் கழற்றாத பையனைப் பாருங்கள். புழுக்கத்திலும் பெரிய மேற்சட்டை போடுபவனைப் பாருங்கள். என் மகன் இரண்டாவது வகை.

ஜனவரி 30

பள்ளி.

எங்கள் பள்ளியில் வருஷம் ஒருமுறை வரிசையில் நிறுத்தி எடை பார்ப்பார்கள். ஒருவர் மெஷினைப் பார்த்து எண்ணைக் கத்துவார், இன்னொருவர் எழுதிக்கொள்வார். நாற்பது பேர் காதில் விழும். அன்று மாலைக்குள் அந்த எண்ணே பெயராகிவிடும். மூன்று வருஷம் ஓர் எண் என் பெயராக இருந்தது. என்னவென்று சொல்ல மாட்டேன், யாராவது ஒரு பிள்ளை இதைப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும்.

இதில் பலன் உண்டா என்று கலிஃபோர்னியாவில் 79 பள்ளிகளில் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். எடை பார்த்து வீட்டுக்கு அறிக்கை அனுப்பியதால் பிள்ளைகளின் பி.எம்.ஐ. குறையவில்லை. பள்ளியில் எடை பார்க்கப்பட்டவர்களுக்குத் தங்கள் எடை மீதான திருப்திதான் இன்னும் குறைந்தது.

பள்ளி ஒன்றும் செய்ய முடியாது என்று இல்லை. மசாசூசெட்ஸில் 'பிளானட் ஹெல்த்' என்று ஒரு பாடத்திட்டம் நடத்தினார்கள். டிவி நேரத்தைக் குறை, ஓடியாடு, காய் பழம் கூட்டு, அவ்வளவுதான், எடையைக் குறை என்ற பேச்சே கிடையாது. இரண்டு கல்வியாண்டு கழித்துப் பார்த்தால், வாந்தி எடுப்பது அல்லது டயட் மாத்திரை போடுவது என்று இறங்கிய பெண்பிள்ளைகள் அந்தப் பள்ளிகளில் 2.8 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 6.2. பருமனுக்காகப் போட்ட பாடம் இதையும் சேர்த்துத் தடுத்திருக்கிறது.

எரிக் ஸ்டைஸ் உருவாக்கிய 'பாடி ப்ராஜெக்ட்' இன்னொரு வழி. பெரியவர் யாரும் புத்தி சொல்வதில்லை. ஒல்லிதான் அழகு என்ற எண்ணத்தை எதிர்த்துப் பிள்ளைகளே பேசி, எழுதி, நடித்துக் காட்ட வேண்டும். தன் வாயால் எதிர்த்துப் பேசிய ஒன்றை அப்புறம் மனதுக்குள் கும்பிடுவது கஷ்டம் என்பதுதான் சூட்சுமம். என் மகனிடம் முயன்றேன், "அம்மா, ப்ளீஸ்" என்று எழுந்து போய்விட்டான். கூட்டத்தில்தான் இது எடுபடும்போல.

பிப்ரவரி 2

கலோரி எண்ணும் செயலி வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். 2019-இல் 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கென்றே 'குர்போ' என்று ஒரு செயலி வந்தது, சாப்பாட்டுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்கு போட்டு. உணவுக் கோளாறு மருத்துவர்கள் கொதித்தார்கள். அப்புறம் பெற்றோர் அனுமதி இல்லாமல் குழந்தைகளின் தகவலைச் சேகரித்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் பிடித்து, 2022-இல் 15 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அபராதம் தகவலுக்குத்தான், சிவப்பு விளக்குக்கு இல்லை.

பிப்ரவரி 9

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். மெத்தைக்கு அடியில் காலிப் பொட்டலங்கள் கிடைத்தனவாம், பதினைந்து இருபது. "எடுத்து முன்னால் போட்டுக் கேட்கட்டுமா?" என்கிறார்.

தயவுசெய்து வேண்டாம்.

என் அம்மா போட்டார். கட்டில் மேல் வரிசையாக அடுக்கி, அப்பாவையும் கூப்பிட்டு. அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது நிறுத்துவதை இல்லை. பொட்டலத்தைப் பள்ளிப் பையில் வைத்து வழியில் எறிவதை.

பொட்டலத்தைப் பற்றிப் பேசாதீர்கள். சண்டை இல்லாத ஒரு நேரத்தில், முகத்தைப் பார்க்க வேண்டாத இடத்தில் பேசுங்கள். வண்டியில் போகும்போது, பாத்திரம் துடைக்கும்போது. "கொஞ்ச நாளாக நீ சோர்ந்து தெரிகிறாய். சாப்பாடு பற்றி மனதுக்குள் போராட்டம் இருக்கிறதோ என்று தோன்றியது. திட்ட மாட்டேன்." அப்புறம் சும்மா இருங்கள். பதில் அன்றே வராது. "ராத்திரி சாப்பிடாமல் இருந்ததை நான் பாராட்டியது என் தப்பு" என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். என்னிடம் யாராவது அதைச் சொல்லியிருந்தால் நான்கு வருஷம் இரண்டாகியிருக்கும்.

கட்டுமீறித் தின்பது ஒரு நோயாகவே 2013 முதல் பட்டியலில் இருக்கிறது. வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதம், நிறுத்த முடியவில்லை என்ற உணர்வோடு, பெரும்பாலும் ஒளிந்து. சிகிச்சை உண்டு, குணமாகிறது. டாக்டரிடம் பொட்டலத்தையும் சொல்லுங்கள், மூன்று மாத எடை இறக்கத்தையும் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் தெரியும். மயங்கி விழுந்தால், நெஞ்சு படபடத்தால், வாந்தியில் ரத்தம் வந்தால், சாக வேண்டும் என்று பேசினால், அன்றே மருத்துவமனை.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தால் என் அம்மா வில்லியாகத் தெரிகிறார். பாவம். எனக்கு மாதவிடாய் நின்றதைக் கடைசியில் கண்டுபிடித்து, டாக்டர் "இளைத்தது நல்லதுதானே" என்று அனுப்பிய பிறகும் விடாமல் இன்னொருவரிடம் கூட்டிப்போனதும் அவர்தான். பூட்டியதும் திறந்ததும் ஒரே கை.

பிப்ரவரி 21

பாராட்டு வந்தால் என்ன சொல்வது? சொந்தக்காரர் ஒருவர் வந்து பிள்ளையைத் தலை முதல் கால் வரை பார்த்து, "அட, இளைத்துவிட்டானே, சூப்பர்!" என்பார். தடுக்க முடியாது. "ஆமாம், உயரமாகிக்கொண்டே போகிறான். இவன் வரைந்ததைப் பார்த்தீர்களா?" என்று திருப்பிவிடுகிறேன். என் மகனுக்கு வரையவே தெரியாது. போன முறை அவனே சிரித்துவிட்டான்.

மார்ச் 3

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். மருத்துவர் நாடியைப் பார்த்தாராம், படுக்கவைத்தும் நிற்கவைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தாராம். வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறார், உளவியலாளரிடமும் அனுப்பியிருக்கிறார். மெஷினில் ஏற்றும்போது மகனைத் திரும்பி நிற்கவைத்து, எண்ணை அவன் பார்க்காதபடி குறித்துக்கொண்டாராம். அந்த டாக்டரை எனக்குப் பிடித்திருக்கிறது. ராத்திரிச் சாப்பாடு திரும்ப வந்துவிட்டது, பாதிதான், ஆனால் மேசையில்.

எங்கள் வீட்டுச் செய்தி: பயணப் பெட்டியை எடை பார்க்க வேண்டும் என்று கணவர் பரணில் ஏறி மெஷினைக் கண்டுபிடித்துவிட்டார். கூடத்தில் வைத்தார். மகன் அந்தப் பக்கம் போனவன் நின்றான், என்னைப் பார்த்தான், ஏறினான். நான் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"பேட்டரி போய்விட்டது" என்று இறங்கிப் போனான்.

வாங்க வேண்டியவை பட்டியலில் கணவர் பேட்டரி என்று எழுதியிருக்கிறார். கடைக்குப் போவது நான்தான்.